வரையத் தெரியாதவள் கலை வரலாறு படிக்கலாமா?

கேள்வி: லண்டனில் கலை வரலாறு படிக்க என் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்கு வரையத் தெரியாது. சமாளிப்பாளா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. நானும் அங்கே அதைத்தான் படித்தேன், எனக்கும் வரைய வராது. பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதல் மாதமே நேஷனல் கேலரியில் ஒரே ஓவியத்தின் முன்னால் எங்களை ஒரு மணி நேரம் நிற்கவைத்தார்கள். பெல்ஜியப் பகுதி ஓவியர் யான் வான் ஐக் 1434-இல் வரைந்த ‘அர்னால்ஃபினி தம்பதி’ என்ற படம். பத்து நிமிடத்தில் கால் கடுத்தது. அப்புறம்தான் படத்துக்குள் பின்சுவரில் இருந்த சின்ன வட்ட முகம் பார்க்கும் கண்ணாடி கண்ணில் பட்டது. தம்பதியின் முதுகும், வாசலில் நிற்கும் இன்னும் இரண்டு பேரும் அதற்குள் தெரிகிறார்கள்! மேலே, ‘யான் வான் ஐக் இங்கே இருந்தார்’ என்று லத்தீனில் எழுத்து. படத்தின் உயரமே 82 சென்டிமீட்டர்தான். புத்தகத்தில் எத்தனையோ முறை பார்த்தும் நான் இதைக் கவனித்ததில்லை.

வாடகைதான் கழுத்தைப் பிடிக்கும். அதற்கு இப்போதே பணம் ஒதுக்கிவையுங்கள். நேஷனல் கேலரியிலும் பிரிட்டிஷ் மியூசியத்திலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் கேலரி இரவு 9 மணி வரை திறந்திருக்கும். சாயங்காலமாகப் போகச் சொல்லுங்கள், கையில் ஒரு பென்சிலும் நோட்டும் இருக்கட்டும்.