1990களின் பென்ஸ் காரில் ஸ்டியரிங் வீலைக் கிளிநொச்சியில் வைத்தே மாற்றலாமா?

கேட்டவர் கிளிநொச்சியில் இருக்கிறார். கையில் இருப்பது 1990களின் பென்ஸ். ஸ்டியரிங் வீலின் தோல் உரிந்து கையில் ஒட்டுகிறதாம். இதற்காகக் கொழும்பு வரை ஓட வேண்டுமா, இங்கேயே மாற்றலாமா என்பது அவருடைய கேள்வி.

இங்கேயே மாற்றலாம். நான் பரந்தனுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக் கராஜில் மாற்றினேன். என்னுடையது 1992ஆம் ஆண்டு 230ஈ, டபிள்யூ124 வகை. அந்த வீலைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது நடுவில் உள்ள ஒரேயொரு போல்ட்தான். ஆனால் அந்தப் போல்ட்டுக்கு முன்னால் எயார்பாக் இருக்கிறது. அல்லது இருக்க வேண்டும். நான் எழுத வந்ததே முக்கியமாக அதைப் பற்றித்தான்.

அதற்கு முன் ஒரு விஷயம். தோல் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் வீலை மாற்றத் தேவையே இல்லை. சித்திரை வெயிலில் கண்ணாடியை மூடி நிறுத்திய கார் எதுவானாலும் நம்முடைய பக்கத்தில் இந்தக் கதிதான். நல்ல குஷன் வேலைக்காரர் ஒருவர் புதுத் தோல் போட்டுக் கையால் தைத்துத் தருவார். எனக்கு அது சரிவரவில்லை, ஏனென்றால் தோலுக்கு அடியில் இருந்த பஞ்சும் பொடியாய் உதிர்ந்து, வளையம் கைக்குள் அசையத் தொடங்கியிருந்தது.

இன்னொன்று, ஸ்டியரிங் ‘ஆட்டம்’ கொடுக்கிறது என்று வீலை மாற்ற நினைக்க வேண்டாம். இந்த வகைக் காரில் இருப்பது உள்ளே சிறு இரும்புக் குண்டுகள் ஓடும் பழைய முறை ஸ்டியரிங் பெட்டி. ஆட்டம் அந்தப் பெட்டியிலோ, கீழே உள்ள இணைப்பு முனைகளிலோ இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு வீலை மெல்ல இருபக்கமும் அசைத்து, முன் ரயர் எப்போது நகரத் தொடங்குகிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வீல் அசைந்தும் ரயர் அசையாத தூரம் அதிகம் என்றால் பணத்தை அங்கே செலவழியுங்கள்.

சரி, எயார்பாக். நான் இந்தக் காரை வாங்கியது 2021இல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். வாங்கும்போது ஒருவர் சொல்லித்தந்தபடி சாவியைத் திருப்பி எயார்பாக் விளக்கைப் பார்த்தேன். எரிந்தது, சில விநாடிகளில் அணைந்தது. அப்படித்தான் நடக்க வேண்டும். விளக்கு எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றிவிட்டார்கள், அணையாமல் நின்றால் உள்ளே கோளாறு என்று அர்த்தம். எனக்கு இரண்டும் இல்லை. நிம்மதியாக நான்கு வருடம் ஓட்டினேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் எத்தனை இரவுகள்!

வீலை மாற்றலாம் என்று நடு மூடியைத் திறந்த அன்றுதான் தெரிந்தது, உள்ளே எயார்பாக் இல்லை. மூடி மட்டும் இருந்தது, வெடித்த கீறலை ஒட்டி, நிறம் பூசி. எயார்பாக்குக்குப் போகிற வயர் முனையில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகியிருந்தார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த வயரின் மின்தடையை அளந்துதான் எல்லாம் சரி என்று விளக்கை அணைக்கிறது. அதே அளவு தடையைக் காட்டினால் அதற்கு வித்தியாசம் தெரியாது. முன்பு எங்கேயோ மோதி எயார்பாக் வெடித்த கார் அது, எவரோ அதை மூடி மறைத்து விற்றிருக்கிறார்கள். கராஜ் அண்ணை ரெசிஸ்டரைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தம்பி, இத உன்ர பிள்ளையளிட்டச் சொல்லாத” என்றார். எனக்குக் கைகால் ஓடவில்லை.

ஆகவே விளக்கு ஒழுங்காக அணைந்தாலும் அது அத்தாட்சி இல்லை. பழைய காரை வாங்கினால் ஒருமுறை அந்த மூடியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். உங்கள் வீலை நீங்கள் மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்யுங்கள்.

வன்னியில் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்றை வைத்து ஓடவைப்பது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் என் அப்பா ஒஸ்ரின் கேம்பிரிட்ஜை மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல், சூடேறிய பிறகு மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வாசர், அலுமினியப் பானையில் செய்த தகடு என்று அந்தக் காரில் இல்லாதது இல்லை. அந்தத் திறமையை நான் மதிக்கிறேன், இன்றைக்கும் என் காரில் பாதி வேலை அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த ஒஸ்ரினில் எந்தச் சாமானுக்கு மாற்று வைத்தாலும் கார் ஓடினால் மாற்று சரி, ஓடாவிட்டால் பிழை என்று உடனே தெரிந்துவிடும். எயார்பாக் அப்படியில்லை. அது வேலை செய்கிறதா என்று தெரிய வருவது மோதும் அந்த நொடியில்தான். அதனால் இந்த ஒரு சாமானுக்கு மட்டும் மாற்று வைக்காதீர்கள். அழகுக்காக விற்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் வீலும் மாற்றுத்தான். எயார்பாக்கோடு வந்த காரில் அதைப் பூட்டவே பூட்டாதீர்கள்.

வீலைப் பழையதாக வாங்கலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். வீலின் பின்பக்கத்தில் பாக இலக்கம் பதித்திருக்கும், முதல் மூன்று இலக்கத்துக்கு அடுத்து 460 என்று வந்தால் அது ஸ்டியரிங் தொகுதி. முதல் மூன்று இலக்கம் 124 ஆக இல்லாமல் 126 ஆக இருந்தாலும் பயப்படத் தேவையில்லை, வேறு மாடலுக்கு முதலில் செய்த சாமான் இதற்கும் வரும். உங்கள் பழைய வீலின் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எயார்பாக் உள்ள வீலும் இல்லாத வீலும் வேறு வேறு. நடுத் துளையின் பற்களை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

எயார்பாக்கைப் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே இருப்பது வெடிமருந்து, அதற்கு வயது உண்டு. என் காரின் கதவுத் தூணிலேயே அதை இத்தனை வருடத்தில் மாற்று என்று ஒட்டுத்தாள் இருக்கிறது. ஜெர்மனியில் இருக்கும் மச்சான் புதிது ஒன்று வாங்கி விமானப் பார்சலில் அனுப்பப் பார்த்தார். எடுக்க மாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள். எயார்பாக் அபாயகரமான சரக்கில் 9ஆம் வகுப்பு. கடைசியில் முறைப்படி கப்பலில் வந்தது. மூன்று மாதம் கார் கொட்டகையிலேயே நின்றது, நான் மோட்டார் சைக்கிளில் திரிந்தேன்.

வேலையை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். முன் ரயர்கள் நேராக இருக்கும்படி காரை நிறுத்தினோம். ஸ்டியரிங் பூட்டு விடுபடும் அளவுக்குச் சாவியைத் திருப்பி விட்டு, பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றினோம். “கழட்டின உடன கை வைக்காத, தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்” என்றார் அண்ணை. சும்மா சொல்லவில்லை. பற்றரியைக் கழற்றினாலும் உள்ளே சேமித்த மின்சாரம் கொஞ்ச நேரம் நிற்கும். நாங்கள் அரை மணி நேரம் விட்டோம்.

வீலுக்குப் பின்னால், இடமும் வலமுமாய், நட்சத்திரத் தலை ஸ்குரூ இரண்டு இருக்கும். 30ஆம் இலக்க டோர்க்ஸ் சாவி வேண்டும். வீலைக் கால் சுற்றுத் திருப்பினால் ஒன்று கைக்கு எட்டும், மறுபக்கம் திருப்பினால் மற்றது. இரண்டும் கழன்றதும் எயார்பாக் முன்பக்கமாக வந்துவிடும், வயர் முனையை மெல்ல விடுவிக்க வேண்டும். இரும்பு எதையாவது ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும், உடம்பில் சேர்ந்த நிலைமின் அப்போது இறங்கிவிடும். மார்போடு அணைத்துத் தூக்கக்கூடாது. மேசையில் வைக்கும்போது மூடிப் பக்கம் மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்து வெடித்தால் இரும்புக் கூடு முழுதாய் மேலே பாயும். மீற்றர் போட்டுப் பார்க்கவும் கூடாது, மீற்றர் விடுகிற மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம்.

அடுத்து நடுப் போல்ட். 10 மில்லிமீட்டர் அலன் சாவி. வீலை மறுபடி நேராக்கி, தண்டின் முனையிலும் வீலிலும் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். போல்ட்டில் பசை போட்டிருப்பதால் விசை கேட்கும். அப்போது ஸ்டியரிங் பூட்டில் நிறுத்தி இழுத்தால் பூட்டு உடைந்துவிடும், ஆகவே இன்னொருவர் வீலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கழன்றதும் போல்ட்டை முழுதாக எடுக்காமல் சில புரி உள்ளே விட்டு, வீலை இருபக்கமும் அசைத்து இழுத்தோம். இல்லாவிட்டால் திடீரென்று கழன்று முகத்தில் அடிக்கும். சுத்தியலால் தட்டவே கூடாது. மோதும்போது மடங்கும்படி செய்த தண்டு அது, தட்டினால் உள்ளே கெட்டுவிடும்.

வீல் வந்த பிறகு பின்னால் ஒரு வளையம் தெரியும். ஹோர்னுக்கும் எயார்பாக்குக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. அதைச் சுற்றிப் பார்க்க ஆசை வரும், கை வைக்காதீர்கள்.

புது வீலைக் கோட்டுக்குக் கோடு பொருத்தி, புதுப் போல்ட் போட்டு, 80 நியூட்டன் மீட்டருக்கு ரொர்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி) இறுக்கினோம். இதே காரின் ரயர் போல்ட்டுக்கு 110. அதைவிடக் குறைவுதான் என்று கைக்கணக்கில் இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரொர்க் ரென்ச் இல்லாவிட்டால் கடன் வாங்குங்கள். பிறகு புது எயார்பாக்கைப் பூட்டினோம். பற்றரியை மாட்டும்போது காருக்குள் யாரும் இருக்க வேண்டாம்.

அன்று மாலையே முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வரை ஓட்டிப் பார்த்தோம். நேர் வீதியில் வீல் ஒரு பல் அளவு இடப்பக்கம் சாய்ந்து நின்றது. எனக்கு உடனே வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போடத்தான் தோன்றியது. அண்ணை மறித்துவிட்டார். பழைய வீலும் இப்படித்தான் நின்றதா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஆமாம். அப்படியென்றால் கோளாறு கீழே உள்ள இணைப்புக் கம்பிகளில், அலைன்மென்ட்டில். ஸ்டியரிங் பெட்டியின் நடுப்புள்ளியில்தான் குண்டுகள் இறுக்கமாக ஓடும், கார் நேராகப் போகும்போது பெட்டியும் நடுவில் இருக்க வேண்டும். வீலைத் தள்ளிப் போட்டால் கண்ணுக்கு நேராகத் தெரியும், பெட்டி தன் நடுவில் இருக்காது, சிக்னலும் ஒருபக்கம் சீக்கிரமாய் அணையும். அலைன்மென்ட் பார்க்கிற இடத்தில் வீலை நடுவில் நிறுத்தி, கம்பிகளை இருபக்கமும் சரிசெய்த பிறகு நேராக வந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஒரு பை கச்சானோடு திரும்பினோம்.

கேட்டவருக்கு: முதலில் மூடியைத் திறந்து உள்ளே எயார்பாக் இருக்கிறதா என்று பாருங்கள், மற்றதைப் பிறகு யோசிக்கலாம். 30ஆம் இலக்கச் சாவியும் 10 அலன் சாக்கெட்டும் ரொர்க் ரென்ச்சும் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமானால் தருகிறேன், வேலை முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும்.