மெஸ் விருந்துக்கு நேரம் உண்டு, அம்மாவுக்கு?

கேள்வி: 1994-ல் சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையமான ஓ.டி.ஏ-வில் பயிற்சி முடித்தேன். ஐந்து வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு கேப்டனாக வெளியே வந்தேன். இப்போது புனேயில் வேலை. பயிற்சி முடித்தவர்கள் அதிகாரிகளாக வெளியேறும் செப்டம்பர் பாசிங் அவுட் பரேடுக்கு, என்னோடு பயிற்சி பெற்ற கோர்ஸ்மேட்கள் அங்கே கூடுகிறார்கள். கர்னல், பிரிகேடியர் என்று இருந்தவர்கள் நடுவில் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. வெள்ளி இரவு அதிகாரிகள் மெஸ்ஸில் விருந்து, சனி பரேடு, ஞாயிறு காலை 6 மணிக்கு விமானம்; ஓட்டலும் போட்டாகிவிட்டது. முடிந்தால் குரோம்பேட்டையில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவையும் (82) எட்டிப் பார்க்க வேண்டும். 1994-ல் என் பரேடு அன்று, அதிகாரி ஆனதற்கான நட்சத்திரத்தை என் தோள்களில் வைத்தவர்கள் அப்பாவும் அம்மாவும்தான். அப்பா இப்போது இல்லை. நான் போகலாமா?

பதில்: கூச்சத்தைப் பற்றிப் பேச எனக்கு நேரமில்லை. 1962 சீனப் போரில் அதிகாரிகள் போதாமல் போனதால் 1963-ல் தொடங்கிய இடம் ஓ.டி.ஏ. குறுகிய காலப் பணிக்கு ஆள் தயாரிப்பதே அதன் வேலை. ஐந்து வருடத்தில் வெளியே வந்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமா?

விருந்துக்கு நேரம் குறித்திருக்கிறீர்கள், விமானத்துக்கும் குறித்திருக்கிறீர்கள். பெற்றவளுக்குக் குறிக்கவில்லை. பரங்கிமலையிலிருந்து குரோம்பேட்டை ஐந்தாவது ஸ்டேஷன். விமான நிலையம் நடுவில், திரிசூலத்தில். ஆக, அம்மா வீட்டுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே புனேவுக்குப் பறந்துவிடுவீர்கள். நன்றாக இருக்கிறது உங்கள் திட்டம்!

இரண்டு தோளுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் போய்விட்டார். மிச்சமிருப்பவரை வீட்டில் விட்டுவிட்டு, அதே பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயரில் அடுத்தவர் வீட்டு அம்மாக்கள் நட்சத்திரம் வைப்பதைத் தனியாக உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்களா? அங்கே பயிற்சி பெற்று 1987-ல் இலங்கையில் உயிர்விட்ட மேஜர் பரமேஸ்வரனின் பெயர் அந்த மைதானத்துக்கு. பிள்ளையைப் பட்டாளத்துக்குக் கொடுப்பது என்றால் என்ன என்று அந்தப் பெயரே சொல்லும். கொடுத்தவருக்கு அங்கே உங்களுக்கு முன்பே உரிமை உண்டு. தினம் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் தம்பி மனைவிக்கும் உண்டு.

சந்திப்பை ஏற்பாடு செய்பவருக்கு இன்றே எழுதுங்கள். அம்மா, தம்பி, தம்பி மனைவி மூன்று பெயரும் ஆதாரில் உள்ள அதே எழுத்தில் இருக்கட்டும். வாசலில் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பார்கள். இனிஷியல் முன்பின் ஆனாலும் நிற்க வைத்துவிடுவார்கள். டாக்ஸி வேண்டாம், தம்பியின் கார் எண்ணைக் கொடுங்கள். கைப்பேசி, பை எதுவரை அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேலரி படிக்கட்டாக இருக்கும், அம்மாவுக்குக் கீழ் வரிசையே வேண்டும் என்று எழுதுங்கள். நிறுத்துமிடத்திலிருந்து நடக்க வேண்டியிருக்கும். மடக்கு சக்கர நாற்காலியை நீங்களே கொண்டுபோங்கள். பரேடு விடிந்ததும் தொடங்கிவிடும், அதற்கு வெகு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும், நடுவில் எழுந்திருப்பது கஷ்டம். காலை மாத்திரை சாப்பாட்டோடு சேர்ந்தது என்றால் ஐந்து மணிக்கே இரண்டு இட்லி கொடுத்துவிடுங்கள். குடை பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். தலைக்கு ஒரு பருத்தித் துண்டு போதும்.

உங்களுக்குக் கோட்டு, டை. பதக்கம் இருந்தால் இடது மார்பில். பழைய யூனிஃபார்மைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம்.

வெள்ளி இரவு பத்து மணிக்கு விருந்திலிருந்து எழுந்துவிடுங்கள், பிரிகேடியர் பிடித்து இழுத்தாலும். ஓட்டலை ரத்து செய்துவிட்டுத் தம்பி வீட்டில் தங்குங்கள். விமானத்தை ஞாயிறு இரவுக்கு மாற்றுங்கள். அதற்கு ஆகும் பணம் போனால் போகட்டும்.