குடியிலிருந்தும் உணவுக் கோளாறிலிருந்தும் மன உறுதியால் ஜெயித்து வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படி ஜெயித்தீர்கள்?

என் அண்ணனுக்குக் குடிநோய். எனக்கு புலிமியா, அதாவது கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு அதை எப்படியாவது ஈடுகட்டத் துடிக்கும் உணவுக் கோளாறு. ஒரே வீடு, ஒரே அம்மா அப்பா. இரண்டு பேரும் இப்போது நன்றாக இருக்கிறோம். ஆனால் கேள்வியில் இருக்கும் 'மன உறுதி', 'ஜெயித்து' என்ற இரண்டு சொற்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் இருவருடைய நோயும் அவ்வளவு வருடம் நீண்டதற்கு அந்தச் சொற்களுக்கும் பங்கு உண்டு.

2012-ல் பெரியம்மா மகள் கல்யாணம். பந்திக்குப் போகும் வழியில் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "எப்படி மெலிஞ்சுட்டா பாருங்க! நினைச்சா நினைச்சதுதான். இவ மன உறுதியில பாதி அவனுக்கு இருந்திருந்தா..." என்று வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் இரண்டு பேர் கைத்தாங்கலாக அண்ணனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் முந்தின நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அன்று இரவு மொத்தமாகச் சாப்பிட்டு, அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எடை எத்தனை கிலோ என்றும் எழுத மாட்டேன். நோயில் இருந்தபோது மற்றவர்கள் எழுதும் எண்களைத் தேடிப் பிடித்து அதையே இலக்காக வைத்துக்கொண்டவள் நான். அதே நோயோடு இதைப் படிப்பவருக்கு நான் அதைச் செய்யக் கூடாது.

ஒரே மண்டபத்தில் இரண்டு நோயாளிகள். ஒருவருக்குத் திட்டு, இன்னொருவருக்குப் பாராட்டு.

அண்ணன் ஆரம்ப வருடங்களில் கார்த்திகை பிறந்தால் மாலை போடுவார். ஒரு மண்டலம் சொட்டுகூடத் தொட மாட்டார். "அப்போ முடியுதுல்ல? இப்போ மட்டும் ஏன் முடியலை?" என்று அப்பா கத்துவார். அந்த நாட்களில் என்னவெல்லாம் மாறியது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. விடியற்காலைக் குளியல், சாயங்காலம் பஜனை, கூடவே பத்துப் பேர். தெருவில் சின்னப் பையன்கூட 'சாமி' என்றுதான் கூப்பிடுவான். மாலையைக் கழற்றிய மறுநாள் அதெல்லாம் போய்விடும், பழைய ஆட்களும் பழைய பெயரும் திரும்பி வந்துவிடும்.

வருடம் போகப் போக அவர் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. ஒருநாள் அம்மா தன் தலையில் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். அண்ணன் உண்மையாகவே அன்றே நிறுத்தினார். இரண்டாம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுக்கம். இரவில், சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. பல வருடங்களாகத் தினமும் அதிகம் குடிப்பவர் மருத்துவ உதவி இல்லாமல் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்பதை நாங்கள் ஆஸ்பத்திரி வார்டில்தான் தெரிந்துகொண்டோம். நடுக்கத்துக்கு மருந்து, வைட்டமின் பி1 ஊசி, சில நாள் கண்காணிப்பு என்று அதற்கு ஒரு முறை இருக்கிறது. சத்தியம் வாங்கிய குற்ற உணர்ச்சி அம்மாவுக்கு இன்றும் போகவில்லை.

அப்புறம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போனார். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு, நம் ஊர்களில் பள்ளிக்கூட வகுப்பறையிலும் தேவாலய அறையிலும் தமிழிலேயே நடக்கிறது. அங்கே 'குடிகாரன்' கிடையாது, 'குடிநோயாளி'தான். 'விட்டுட்டேன்' என்றும் சொல்ல மாட்டார்கள், 'இன்னைக்குக் குடிக்கலை' என்பார்கள். எல்லோருக்கும் அந்த வழி பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அண்ணனுக்குப் பொருந்தியது, மருந்தோடு சேர்ந்து.

14 மாதம் கழித்து ஒரு சாவு வீட்டில் குடித்துவிட்டார். "பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடுச்சு" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான், அண்ணன் மூன்று வாரம் யார் முகத்திலும் விழிக்கவில்லை, மாத்திரையும் எடுக்கவில்லை. ஒரு நாள் சறுக்கியதைவிட, அதை மறைத்த அந்த மூன்று வாரம்தான் அவரை அதிகம் கெடுத்தது. மதினிதான் மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "14 மாசம் எப்படிச் சமாளிச்சீங்க? அதைச் சொல்லுங்க." அண்ணன் அங்கேயே அழுதுவிட்டார். அந்த மாதங்களைப் பற்றி அதுவரை யாருமே அவரிடம் கேட்டதில்லை.

சர்க்கரை நோயாளியைப் பார்த்து "சுகர் கண்ட்ரோல்ல இருக்கா?" என்றுதான் கேட்கிறோம். ஏறிவிட்டால் மருந்தை மாற்றுகிறோம். இதுவரை சாப்பிட்ட மாத்திரையெல்லாம் வீண் என்று யாரும் சொல்வதில்லை. போதை நோயில் மீண்டும் சறுக்குபவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளுக்கு நோய் திரும்புவதும் ஏறக்குறைய இதே அளவில்தான்.

என் கதையில் இன்னொரு சிக்கல். குடியை நிறுத்தலாம், சாப்பாட்டை எப்படி நிறுத்துவது? தினமும் மூன்று வேளை நோயின் எதிரிலேயே உட்கார வேண்டும். "சாப்பிட்டாச்சா?" நம் ஊரில் அன்பாகக் கேட்பது. எனக்கு அது விசாரணை மாதிரி இருந்தது. "ஆச்சு" என்று ஆறு வருடம் பொய் சொன்னேன். சாப்பிடாத நாட்களில் வார இதழ்களோடு வரும் சமையல் இணைப்புகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு மருத்துவர்தான் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-ல் நடந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஆரோக்கியமான 36 இளைஞர்களை மாதக்கணக்கில் அரைப்பட்டினி போட்டார்கள். அவர்களும் சமையல் புத்தகம் சேர்த்தார்கள், எந்நேரமும் சாப்பாட்டையே பேசினார்கள். பட்டினி முடிந்த பிறகு சிலரால் சாப்பிடுவதை நிறுத்த முடியவில்லை. எனக்கு நடந்தது குணக்கேடு இல்லை, பட்டினி கிடந்த மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று அன்றைக்குப் புரிந்தது. சிகிச்சையின் முதல் படியும் கட்டுப்பாடு இல்லை. மூன்று வேளை உணவு, நடுவில் சிற்றுண்டி, நேரம் தவறாமல். பயமாகத்தான் இருந்தது. கூடவே ரத்தத்தில் பொட்டாசியம் பரிசோதனையும் செய்தார்கள்.

குணமாகி வந்தபோது அதே அத்தை, "இப்பதான் பூசினாப்ல இருக்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அன்று இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டேன். உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட எதுவும் சொல்லாதீர்கள். படிப்பு எப்படிப் போகிறது, நாய்க்குட்டி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'குடிப்பவருக்குத் தெரியாமல்' சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்ஃபிரம் மாத்திரையைத் தெரியாமல் தின்றுவிட்டுக் குடித்தால் ரத்த அழுத்தம் படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. டாக்டர் தருவதாக இருந்தால் குடிப்பவரிடமே விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் தருவார்.

உதவிக்கு: மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, போதைப் பழக்கத்துக்கு 14446. இரண்டும் இலவசம். முதல் அழைப்பிலேயே முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. "சாப்பாட்டுல பிரச்சினை" என்று மட்டும் சொன்னாலும் மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். என் மருத்துவரிடம் நான் முதலில் சொன்னதும் அந்த இரண்டு சொற்கள்தான்.