கடல்பாசிக்கு வயிற்றில் என்ன வேலை?

கேள்வி: நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப்பில் 'சோடியம் ஆல்ஜினேட்' என்று போட்டிருக்கிறது. பார்மசி படிக்கும் என் அக்கா மகள், அது கடல்பாசிப் பசை, வயிற்றில் மிதக்கும் என்கிறாள். கிண்டல் செய்கிறாளா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கிண்டல் இல்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். பழுப்பு நிறக் கடல்பாசியில் இருந்து எடுப்பது அது. நம் மன்னார் வளைகுடாவிலேயே சர்காசம், டர்பினேரியா என்ற பாசிகளை இதற்காகச் சேகரிக்கிறார்கள். வயிற்று அமிலம் பட்டதும் ஆல்ஜினேட் கூழாகிவிடும், சிரப்பில் கூடவே இருக்கும் சோடியம் பைகார்பனேட் அதே அமிலத்தில் பொங்கி வாயுவை விடும், அந்தக் குமிழிகள் கூழுக்குள் மாட்டிக்கொள்வதால் மொத்தமும் லேசாகி, சாப்பாட்டுக்கு மேலே தெப்பம் மாதிரி மிதந்து, அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறாமல் மறிக்கும். அதனால்தான் சாப்பிட்ட பிறகு குடிக்கச் சொல்வது. வெறும் வயிறு ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பலமாகச் சுருங்கி, உள்ளே கிடப்பதைக் குடலுக்குத் தள்ளிவிடும். மிதக்கவும் அங்கே ஒன்றும் இருக்காது. பிரஷரோ கிட்னி தொல்லையோ இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இதில் சோடியம் கொஞ்சம் அதிகம்.

கேள்வி: மாத்திரையையும் இப்படி மிதக்க விடலாமா?
- அதே வாசகி

பதில்: விடலாம், விடுகிறார்கள். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின், ஆன்டிபயாடிக்கான சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்றவை சிறுகுடலின் மேல்பகுதியில்தான் நன்றாக உறிஞ்சப்படும், அந்த இடத்தைத் தாண்டிப் போனால் பெரும்பகுதி வீண். மாத்திரை இரைப்பையிலேயே சில மணி நேரம் தங்கி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் வேலை நடக்கும். இதற்குக் கொத்தவரை விதையில் இருந்து வரும் குவார் பசை (ராஜஸ்தான்தான் இதற்குப் பேர் போனது), பாக்டீரியா உண்டாக்கும் சாந்தன் பசை, பழத்தோல் பெக்டின் எல்லாவற்றையும் சோதித்திருக்கிறார்கள். இறால் ஓட்டில் இருந்து எடுக்கும் கைட்டோசானுக்கு வேறு வழி, அது இரைப்பைச் சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை, மருந்துக்கடைக்கு வந்தவை ரொம்பக் குறைவு. செடியில் இருந்து வரும் பசை அறுவடைக்கு அறுவடை, ஊருக்கு ஊர் மாறும். பிசுபிசுப்பு மாறினால் மருந்து வெளியாகும் வேகமும் மாறும். எட்டு மணி நேரத்தில் வரவேண்டிய மருந்து மூன்று மணி நேரத்தில் கொட்டினால் யார் பொறுப்பு? அதனால் கம்பெனிகள் பெரும்பாலும் செல்லுலோஸை ரசாயன முறையில் மாற்றிச் செய்யும் ஹைப்ரோமெல்லோஸ் பக்கம் போய்விடுகின்றன. அப்புறம், இந்த மாதிரி மாத்திரைகளை உடைத்தோ பொடித்தோ விழுங்காதீர்கள், கூழ் கட்டுவது கெட்டு மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.