60 என்ற எண்ணுக்கு அப்படி என்ன சிறப்பு? நேரத்தை ஏன் 100 ஆகப் பிரிக்கவில்லை?

நிமிடம், நொடி, கோணம், வருடச் சுழற்சி என்று எங்கு பார்த்தாலும் 60 வருகிறதே, அதற்கு மறைபொருள் ஏதும் உண்டா, நிமிடத்தில் எப்போதும் 60 நொடிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குச் சொல்லித் தருகிறவன் நான். எனக்கு மிகப் பிடித்த எண் இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். நாம் சந்திக்கும் 60களில் சில மனிதர் தேர்ந்தெடுத்தவை, சில இயற்கையிலேயே இருப்பவை, மற்றவை தற்செயல். இந்த மூன்றையும் ஒன்றாகக் கலக்கும்போதுதான் மறைபொருள் இருப்பதுபோலத் தோன்றுகிறது.

மனிதர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என அதற்குப் பன்னிரண்டு காரணிகள். அதைவிடப் பெரிய 100க்கு ஒன்பதுதான். 1 முதல் 6 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 60. தசமப் புள்ளி என்ற ஒன்றே இல்லாத காலத்தில் பின்னத்தோடு மல்லாடிய ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசியுங்கள். மூன்றில் ஒரு பங்கு 20, நாலில் ஒன்று 15, ஐந்தில் ஒன்று 12, ஆறில் ஒன்று 10. எல்லாம் முழு எண்கள். நூறை மூன்றாகப் பிரித்தால் 33.333 என்று முடிவில்லாமல் ஓடும்.

மெசொப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக் பகுதி) எடைக்கணக்கே இப்படித்தான் இருந்தது: 60 ஷெக்கல் ஒரு மினா, 60 மினா ஒரு டாலண்ட். சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே 60ஐ அடிமானமாகக் கொண்ட இடமதிப்பு முறை வந்துவிட்டது. ஈரக் களிமண்ணில் ஒன்றுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி. இந்த இரண்டை வைத்தே 59 வரை எழுதினார்கள். அதற்கு மேல் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். தொடக்கத்தில் பூச்சியத்துக்குக் குறி கிடையாது. அதனால் 1 என்பதும் 60 என்பதும் எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். சூழலைப் பார்த்துத்தான் எது என்று புரிந்துகொள்ள வேண்டும். பத்து விரல் இருக்கும்போது எதற்கு 60 என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. ஒரு கையின் நான்கு விரல்களில் உள்ள பன்னிரண்டு கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டு எண்ணி, ஒவ்வொரு பன்னிரண்டுக்கும் மறு கையில் ஒரு விரலை மடக்கினால் 60 வரும் என்பது அவற்றில் ஒன்று. கேட்க அழகாக இருக்கிறது, சான்றுதான் இல்லை. வகுபடும் தன்மையே காரணம் என்பதுதான் எனக்கு உறுதியாகப் படுகிறது.

அந்த முறையில் அவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு ஒரு களிமண் வில்லை போதும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அதன் வயது ஏறத்தாழ 3700 ஆண்டுகள். ஒரு சதுரம், அதன் மூலைவிட்டம், பக்கத்தில் 1, 24, 51, 10 என்ற எண்கள். ஒன்றோடு அறுபதில் 24 பங்கு, 3600இல் 51 பங்கு, 2,16,000இல் 10 பங்கு கூட்டிப் பாருங்கள்: 1.414213 வரும். இரண்டின் வர்க்கமூலம்! உண்மை மதிப்போடு உள்ள வேறுபாடு பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒவ்வொரு முறையும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

பிறகு வானியலாளர்கள் இதைக் கைவிடவே இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் தாலமி தன் கோண அட்டவணைகளை 60இன் பின்னங்களில் எழுதினார். 15ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கணிதர் அல்-காஷி π (பை) என்ற எண்ணின் மதிப்பைப் பதினாறு தசம இடம் அளவுக்குத் துல்லியமாகக் கண்டதும் அறுபதின் முறையில்தான். ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் ஒரு கலை. நல்ல கண்பார்வை பிரித்தறியக்கூடிய எல்லை ஏறக்குறைய அவ்வளவுதான். செவ்வாயின் பாதையில் கணக்குக்கும் கண்ட இடத்துக்கும் வெறும் 8 கலை வேறுபாடு வந்ததை வானியலாளர் கெப்ளர் ஒதுக்கித் தள்ளவில்லை. அந்த எட்டுக் கலைதான் கோள்கள் வட்டத்தில் அல்ல, நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, 1609இல் வெளியிட்டார். கடல்மைலும் இங்கிருந்து வந்ததுதான்: பூமியின் அகலாங்கில் (அட்சரேகைக் கோணத்தில்) ஒரு கலை நீளம், 1852 மீட்டர்.

ஆண்டுச் சுழற்சியிலும் 60 உண்டு. பிரபவ முதல் அட்சய வரை நாம் சொல்லும் சுழற்சி வியாழனின் நகர்வை ஒட்டியது. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற 12 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு, சனிக்கு முப்பதுக்குச் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் பொதுவாக வருவது ஏறத்தாழ 60. சீனர்களின் சுழற்சியும் அறுபதே. ஆனால் அங்கே பத்துப் பெயர் கொண்ட ஒரு வரிசையும் பன்னிரண்டு பெயர் கொண்ட ஒரு வரிசையும் சேர்ந்து ஓடுகின்றன. 10, 12 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 60. ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்ததில் ஒரு நாழிகைக்கு 24 நிமிடம்.

சரி, 100 ஏன் இல்லை? முயன்று பார்த்தார்கள். 1793இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 நொடி என்று சட்டம் போட்டது. 1795இல் நிறுத்தி வைத்துவிட்டது. அதே காலத்தில் பிறந்த மீட்டரும் கிலோகிராமும் உலகை வென்றன. நீள அளவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டதால் மீட்டர் ஒரு குழப்பத்தைத் தீர்த்தது. மணி, நிமிடம் என்ற அளவுகளோ ஏற்கெனவே பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. பத்து மணி நாள் எந்தக் குழப்பத்தையும் தீர்க்கவில்லை என்பதே அது தோற்றதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்பது இயற்கையின் 60 என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வட்டத்தை 400ஆகப் பிரித்து அளந்தால் அதே கோணம் 66⅔ ஆகிவிடும். ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு சமபக்க முக்கோணங்கள் இடைவெளியின்றிப் பொருந்துகின்றனவே, அந்த ஆறுதான் இயற்கையினுடையது.

உண்மையிலேயே இயற்கையின் 60 வேறொரு இடத்தில் இருக்கிறது. இருபது சமபக்க முக்கோணங்களால் மூடப்பட்ட ஒழுங்கான திண்மம் ஒன்று உண்டு. சுழற்றிய பின்னும் முன்பிருந்ததுபோலவே தோன்றும்படி அதை எத்தனை விதமாக வைக்கலாம்? மிகச் சரியாக 60. இருபது முகங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. அல்லது பன்னிரண்டு முனைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை. அல்லது முப்பது விளிம்புகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு. எப்படி எண்ணினாலும் 60. அதன் பன்னிரண்டு முனைகளையும் வெட்டினால் பழைய கறுப்பு வெள்ளைக் கால்பந்தின் வடிவம் கிடைக்கும். அதற்கு 60 மூலைகள். 1985இல் குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் என்ற வேதியியலாளர்களின் குழு அதே வடிவில் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறைக் கண்டது. 1996இல் அம்மூவருக்கும் நோபல் பரிசு. பல வைரஸ்களின் கூடும் இதே சமச்சீரில் கட்டப்பட்டது. வைரஸின் சிறிய மரபணுத் தொகுப்பில் பெரிய கூட்டுக்கான குறிப்பு அடங்காது, அதனால் அது ஒரு சில புரதங்களையே திரும்பத் திரும்ப அடுக்குகிறது. போலியோ வைரஸின் கூட்டில் நான்கு வகைப் புரதங்கள், ஒவ்வொன்றிலும் 60.

அந்த இருபது முகத் திண்மத்தின் 60 சுழற்சிகளும் சேர்ந்தது கணிதத்தில் ஒரு குலம் (group): எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் அதே தொகுப்பில் உள்ள இன்னொன்றே கிடைக்கும். ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்கு, இருபடிக்கு இருப்பதுபோலப் பொதுவான மூலச் சூத்திரம் கிடையாது என்பதற்குக் காரணமே அந்தக் குலம்தான். இருபது வயதில் 1832இல் இறந்த பிரெஞ்சுக் கணிதர் கால்வாவின் சிந்தனை நமக்குக் காட்டியது இது. அந்தக் குலத்தைச் சிறு குலங்களாக உடைக்க முடியாது. செய்யும் வரிசையை மாற்றினால் விளைவும் மாறக்கூடிய குலங்களில், அப்படி உடையாத ஆகச் சிறியது அதுவே. எண்ணாகப் பார்த்தால் இவ்வளவு எளிதாகப் பிரிகிற 60, குலமாகப் பார்த்தால் பிரிய மறுக்கிறது. இந்த எண்ணில் எனக்கு மிகப் பெரிய வியப்பு இதுதான். மறைபொருள் தேடுவோர் இங்கே தேடலாம்.

மற்றவை தற்செயல். புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படும் கோபால்ட்-60இன் 60, அதன் அணுக்கருவிலுள்ள 27 புரோட்டான்களையும் 33 நியூட்ரான்களையும் கூட்டி வந்தது. கார்பன் பந்தோடு அதற்கு உறவில்லை.

கடைசிக் கேள்வி: நிமிடத்துக்கு எப்போதும் 60 நொடி இல்லை. பூமியின் சுழற்சி அணுக் கடிகாரத்தோடு சரியாக ஒத்துப்போகாததால், 1972 முதல் 27 முறை ஒரு நொடியைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். கடைசியாக 2016 டிசம்பர் 31 அன்று உலக நேரப்படி இரவு 11 மணி 59 நிமிடம் 59 நொடிக்குப் பிறகு 11:59:60 என்று கூடுதலாக ஒரு நொடி வந்தது. அந்த நிமிடத்துக்கு 61 நொடி. கணினிகளுக்கு இது பெரும் தொல்லை என்பதால் 2035க்குள் இந்த வழக்கத்தை நிறுத்த 2022இல் முடிவாகியிருக்கிறது. அதன்பின் நீண்ட காலத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் 60 நொடிதான்.