சொல் விளக்கம்: ஆராத ஆசையும் வேறு சில ஐயங்களும்

'ஆராத ஆசை', 'ஆறாத ஆசை' – எது சரி? (வாசகர், ஹட்டன்)

எவ்வளவு கிடைத்தாலும் நிறையாத ஆசை என்றால் இடையின ரகரம்தான். ஆர்தல் என்பது நிறைதல், உண்ணுதல். வயிறார உண்டான், கண்ணாரக் கண்டான் எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. 'ஆரா இயற்கை அவா' என்று 370ஆம் குறள் சொல்வதும் இதைத்தான். வல்லின றகரம் போட்டால் தணிதல்: பசியாறினான், புண் ஆறியது. எழுதுமுன் அகராதியைத் திறந்து வேரைப் பாருங்கள்.

அவாவும் வெஃகுதலும் ஒன்றா? (வாசகி, பண்டாரவளை)

இல்லை. வெஃகுதல் பிறர் பொருள்மீது கண் வைப்பது. வள்ளுவர் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வைத்திருக்கிறார்.

'யானைத்தீ' பேராசையைக் குறிக்குமா? (வாசகர், மாத்தளை)

குறிக்காது. அது அடங்காத வயிற்றுப் பசி நோய். மணிமேகலையில் காயசண்டிகை பன்னிரண்டு ஆண்டு பட்ட பாடு அது.

சிங்களத்தில் 'தண்ஹாவ' என்கிறார்களே, தமிழில் என்ன? (வாசகி, நுவரெலியா)

வேட்கை. தண்ஹா பாளிச் சொல், வடமொழியில் திருஷ்ணா. மூலப் பொருள் தாகம். பௌத்தம் துக்கத்துக்குக் காரணமாகச் சொல்வது இதையே. நாமும் தாகத்தை நீர்வேட்கை என்கிறோம், பாருங்கள்.

ஆசை என்பது 'ஆ', 'சை' என்ற இரு சொற்கள் சேர்ந்ததாமே? (வாசகர், ஹப்புத்தளை)

கைபேசியில் வந்ததையெல்லாம் அனுப்பாதீர்கள். வடமொழி 'ஆசா' தமிழில் ஆசை ஆயிற்று. சொல்லைப் பிளக்குமுன் அகராதி!

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்பதைப் 'பேராசை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பொருந்துமா? (வாசகர், தலவாக்கலை)

பொருந்தவே பொருந்தாது. தேவை நிறைந்த பிறகும் நீளும் ஆசைதான் பேராசை. முன்னால் நிற்கும் 'பேர்' அந்த மிகுதியைச் சொல்கிறது. இங்கே எது மிகுந்துவிட்டது? அட்டைக் கடியோடு மலையேறிப் பறித்த கொழுந்து, ஒரு நாளுக்கு 18 கிலோவோ தோட்டம் வைத்த வேறு கணக்கோ, அதற்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். நாளுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கை வர்த்தமானியில் (அரசிதழில்) ஏறவே 2021 ஆனது. அதற்குள் அரிசியும் மாவும் விற்ற விலை கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். ஆசை காட்டியவர்களை விட்டுவிட்டு, ஏமாந்தவர்களின் பிள்ளைகள்மீது இந்தச் சொல்லை எறிவது மொழிக்கும் துரோகம், மனிதருக்கும் துரோகம். இதற்குத் தேவை என்று எழுதுங்கள், உரிமை என்று எழுதுங்கள்.

நப்பாசை என்றாலும் பேராசைதானே? (வாசகி, பதுளை)

இல்லை. கைகூடாது என்று தெரிந்தும் விட்டுவிட மனம் வராத ஆசை அது. அளவில் மிகச் சிறியதாகவும் இருக்கலாம்.