மகள் ஆராய்ச்சிப் பக்கம் போகிறாளே என்று கவலைப்படும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

குழந்தைகள் ஐசியுவில் மூன்று வருடம் நர்ஸாக இருந்த உங்கள் மகள், அதே பிரிவில் ரிசர்ச் கோஆர்டினேட்டர் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உயிருக்குப் போராடும் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்வது பாவமில்லையா, இதை நம்பி நிரந்தர வேலையை விடலாமா என்று கேட்கிறீர்கள். முதல் கேள்விதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன். அதையே முதலில் பேசுவோம்.

கடும் காய்ச்சலில் ரத்த ஓட்டம் குறைந்துபோன குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவது, உலகம் முழுக்க நம்பப்பட்ட சிகிச்சை. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் ஐசியு வசதி இல்லாத ஆறு மருத்துவமனைகள் சேர்ந்து அதைச் சோதித்துப் பார்த்தன. ஃபீஸ்ட் என்பது அந்த ஆய்வின் பெயர். முடிவு 2011இல் வெளியானது. திரவம் வேகமாக ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் சற்று மேல். அப்படி ஏற்றப்படாதவர்களில் ஏழு பேருக்குச் சற்று மேல். 3600 குழந்தைகளைச் சேர்ப்பதாகத் திட்டம். 3141 பேர் சேர்ந்த நிலையில், ஆய்வாளர்களுக்குக் கட்டுப்படாத கண்காணிப்புக் குழு கணக்கைப் பார்த்துவிட்டு, இனிமேல் யாரையும் சேர்க்க வேண்டாம் என்று நிறுத்தியது. யாருமே சோதித்துப் பார்க்காமல் இருந்திருந்தால், நல்லதென்று நினைத்தே அந்த இடங்களில் அதைத் தொடர்ந்திருப்பார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது அம்மா.

சரி, ஏன் பல மருத்துவமனைகள் சேர வேண்டும்? ஒரு ஐசியுவுக்கு ஒரே மாதிரி பிரச்சினையோடு வரும் குழந்தைகள் கொஞ்சம் பேர்தான். அவர்களிலும் ஒன்று பிறந்து சில வாரமான சிசு, இன்னொன்று பதினான்கு வயதுப் பிள்ளை. நிலைமை சீராக இருக்கும் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 7க்கு இறங்கும்வரை பொறுத்து ரத்தம் ஏற்றுவதா, 9.5இலேயே ஏற்றிவிடுவதா? இந்த ஒரு கேள்விக்கு 4 நாடுகளில் 19 பிரிவுகள் சேர்ந்து, ஏறக்குறைய நான்கு வருடத்தில் 637 குழந்தைகளைச் சேர்த்தன. வகுத்துப் பாருங்கள், பிரிவுக்கு 34 பேர்கூட வராது. 2007இல் பதில் வந்தது: பொறுத்திருந்ததால் கெடுதல் இல்லை. அப்படிப் பொறுத்திருந்த குழுவில் இருந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தம் ஏற்றவே தேவைப்படவில்லை.

இதில் உங்கள் மகளின் வேலை என்ன? யார் புதிதாக அட்மிட் ஆகியிருக்கிறார்கள், ஆய்வின் நிபந்தனைக்குள் வருகிறார்களா என்று பார்ப்பது, விவரங்களைப் பிழையில்லாமல் பதிவது, ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதுவது எல்லாம் பழகினால் வந்துவிடும். பெற்றோரிடம் சம்மதம் கேட்பதுதான் கஷ்டம். பிள்ளை உள்ளே வென்டிலேட்டரில் இருக்கும். இவர்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். 'நீங்கள் வேண்டாம் என்றாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது' என்று அவர்கள் நம்பும்படி சொல்லத் தெரிய வேண்டும். மறுப்பவர்களை விட, படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களிடம்தான் அதிக நேரம் உட்கார வேண்டும் என்பது என் கருத்து. அவசர நேரத்தில் முன்கூட்டியே கேட்க முடியாத ஆய்வுகளும் உண்டு. ஆக்ஸிஜன் அளவு பற்றி பிரிட்டனில் 15 பிரிவுகளில் 2040 குழந்தைகளைச் சேர்த்த ஆய்வில், சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, நிலைமை கொஞ்சம் அடங்கிய பிறகுதான் சம்மதம் கேட்டார்கள். அந்தப் பேச்சைப் பேச, படுக்கையருகே நின்று பழகியவரை விடப் பொருத்தமானவர் யார்? அந்த மூன்று வருட அனுபவம் வீணாகாது.

அடுத்தது வேலை நிலைமை. ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். ஆய்வுக்கான நிதி தீர்ந்தால் வேலையும் முடியலாம். நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் போய்விடுவதால் கையில் வருவதும் குறையலாம். அதனால் உடனே ராஜினாமா வேண்டாம். பாதி நாள் நர்ஸாகவும் பாதி நாள் ஆய்விலும் இருக்க முடியுமா என்று மகள் கேட்டுப் பார்க்கட்டும். அதற்குள் மருத்துவ ஆய்வு நடத்தும் நெறிமுறைப் பயிற்சியை முடித்து, அடிப்படைப் புள்ளியியலும் படிக்கட்டும். புள்ளியியல் தெரிந்த நர்ஸுக்கு இந்தத் துறையில் தனி மதிப்பு.

நர்ஸ் என்றால் டாக்டர்களுக்கு ஃபைல் தூக்குவதோடு நின்றுவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு மயக்க மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று 31 பிரிவுகளில், 2449 குழந்தைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் மார்த்தா கர்லி. அவர் ஒரு நர்ஸ். 2015இல் முடிவு வந்தபோது, அவர்கள் வகுத்த முறையால் வென்டிலேட்டர் நாட்கள் குறையவில்லை என்றுதான் தெரிந்தது. இத்தனை வருட உழைப்புக்கு இப்படியும் பதில் வரும். அதைத் தாங்கும் மனம் இருக்கிறதா என்று உங்கள் மகள் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம், நேர்முகத்தேர்வில் அவள் மூன்று கேள்வி கேட்கட்டும். ஒப்பந்தம் எதுவரை? ஆய்வுக் கட்டுரையில் கோஆர்டினேட்டர் பெயர் இடம்பெறுமா? ஆய்வில் இருக்கும் குழந்தை இறந்துபோனால், அன்று நான் யாரிடம் போய்ப் பேசலாம்? மூன்றாவது கேள்விக்கு ஒரு ஆளின் பெயரைச் சொல்ல முடியாமல் தடுமாறுகிற இடமாக இருந்தால், சம்பளம் நன்றாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.